மான் எட்டாத உயரம்

நான் திருகோணமலை நகரத்துக்கு வந்தது மாசி மாதம். அம்மா இன்றைக்கும் தை என்றே சொல்லுகிறார். தை அல்ல. நான் வெளிக்கிட்ட காலையில் எங்கள் வயலில் நெல் வெட்டுமெசின் இறங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் தையில் வெட்டு நடப்பதில்லை. ஆகவே மாசி. இப்படிப்பட்ட விசயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் வீட்டில் எனக்குப் 'பஞ்சாங்கம்' என்று ஒரு பட்டம். அப்பா ஏதாவது பழைய கதை தொடங்கினால், முடிவில் என் பக்கம் திரும்பி, "என்ன பஞ்சாங்கம், சரியோ?" என்று கேட்பார். பெரும்பாலும் சரியாக இருக்காது. நான் திருத்துவேன்.

எங்கள் ஊர் மாவட்டத்தின் தெற்கு நுனியில், வெருகல் ஆற்றுக்குக் கிட்ட. கொழும்பில் இருந்தவர்களிடம் திருகோணமலையைப் பெரிய நகரம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் ஒருநாள் எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, மூதூர் தாண்டி, கிண்ணியாப் பாலத்தால் வந்து, துறைமுகத் தண்ணீரில் நிற்கும் கப்பல்களை ஒரு சூட்கேசை மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு சிரிக்கட்டும்.

உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போனபோது ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். கோயில் திருவிழா, சொந்தக்காரப் பிள்ளைகள் பெரியபிள்ளையானால் வைக்கிற சாமத்திய வீடு என்று எங்கே சோடனை இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தேன். மணவறையும் மண்டபச் சோடனையும் செய்கிற நகரத்துக் கடை ஒன்றுக்கு ஒரு பெண்பிள்ளை தேவையாம். அம்மா வேண்டாம் என்றார். அப்பா ஒரு கிழமை யோசித்துவிட்டுச் சொன்னார்:

"போ. ஆனா ரிபன் வெட்டுறதுக்கு ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. ஆவணி முடியிறதுக்குள்ள ஆராவது உன்னை நம்பி ஒரு வேலையை முழுசாத் தரவேணும். தந்தா அங்கை இரு. தராட்டி சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வந்திடு."

நான் ஓம் என்றேன். மாசியிலிருந்து பார்த்தபோது ஆவணி வெகுதூரத்தில் இருந்தது.

அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டின் பின்னறையில் தங்கினேன். வீட்டுக்கார அன்ரி தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதைக் கேட்காமலே அறிந்துகொள்ளுவார். முதல் கிழமையில் நான் பிழையான பஸ்ஸில் ஏறி உப்புவெளியில் போய் இறங்கினேன். திரும்பிவர வழி கேட்கக் கூச்சமாக இருந்தது. கடற்கரையைப் பார்க்க வந்தவள் போலக் கொஞ்ச நேரம் நின்றேன். அப்போது ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னிடம் வந்து பஸ் நிலையத்துக்கு வழி கேட்டாள். இரண்டு பேருமாக ஓர் ஆட்டோ பிடித்தோம். வழி தெரிந்தவள் நான்தான் என்று அவள் கடைசிவரை நம்பினாள்.

இப்படித்தான் நகரம் எனக்குப் பழகியது. மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியை ஓடாமல் நடந்து கடக்கப் படித்தேன். சாப்பாட்டுக் கடையில் தனியாக மேசையில் இருந்து, "ஒரு கொத்து, உறைப்புக் குறைச்சு" என்று சத்தமாகச் சொல்லப் படித்தேன். கப்பலின் சங்கு ஊதினால் திடுக்கிடாமல் வேலைசெய்யப் படித்தேன். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போவேன். துறைமுகத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தது, ஒல்லாந்தர் பிடித்தது, இடையில் பிரெஞ்சுக்காரர் வந்துபோனது, ஆங்கிலேயர் பிடித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்திருந்தது. இன்றைக்குத் தெருக்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதற்கு வருகிறேன்.

வேலைக்கு நடந்து போகும்போது ஒரு விசயத்தைக் கவனித்தேன். கோட்டைப் பக்கத்துத் தெருக்களிலும் கடற்கரையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் மரங்கள், வேலிகள், மதிலில் படரும் கொடிகள் எல்லாம் அடியில் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டிருந்தன. என் தலைக்குச் சற்று மேலே பச்சை தொடங்கும். கீழே வெறும் தடி. கயிறு கட்டி வெட்டியது போல ஒரு நேர்கோடு. முக்கியமாகக் கடதாசிப்பூக் கொடி. அந்த முள்ளுக் கொடி எங்கள் ஊரில் நிலத்தில் கிடந்து புரளும். இங்கே மதிலின் மேலே மட்டும் ஊதாவும் வெள்ளையுமாகக் குடை பிடித்து நின்றது. நகரசபை ஆட்கள் வந்து வெட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நகரம் என்றால் இப்படித்தான் ஒழுங்காக இருக்கும் என்று அப்பாவுக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். அப்பாவும் பக்கத்து வீட்டாரிடம் சொன்னாராம்.

மான்களை நான் பார்க்காமல் இல்லை. பகலில் அவை கோட்டை வாசலிலும் விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலும் கூட்டமாகப் படுத்திருக்கும். நானும் எல்லோரையும் போலப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அவை அந்த இடத்து மான்கள், அங்கேயே இருக்கிறவை என்பது என் எண்ணம்.

கடையில் பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் ரிபன் வெட்டுவதிலேயே போனது. ரிபன் வெட்டாத நாட்களில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை வெட்டினேன். கடைக்கார அக்கா நல்லவர். ஆனால் எந்த வேலையையும் கையிலிருந்து விடமாட்டார். நான் கட்டிய பூவை அவிழ்த்துத் திரும்பவும் கட்டுவார். கடையின் லொறியை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணர்; நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மட்டும் என்னைப் பார்த்து, "தங்கச்சி, அவ அவிழ்க்கிறத்துக்கு முந்தி ஒரு படம் எடுத்து வை. எது வடிவு எண்டு பிறகு பாப்பம்" என்பார். எடுத்து வைத்தேன். என்னுடையது கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

ஆடி போனது. ஆவணியின் முதல் கிழமையும் போனது. அம்மா தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சூட்கேசின் பூட்டு சரியாக இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார். பூட்டுக்கு ஒன்றும் இல்லை. அம்மா கேட்டது வேறு.

அந்த ஆவணியில் நல்ல முகூர்த்தமான ஒரு வியாழக்கிழமைக்குக் கடைக்கு இரண்டு கலியாணங்கள் வந்தன. ஒன்று நிலாவெளியில் பெரிய ஹோட்டலில். மற்றது நகரத்துக்குள், கடற்கரைக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில், பொம்பிளை வீட்டு வளவிலேயே. அக்காவால் இரண்டு இடத்தில் நிற்க ஏலாது. செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"வீட்டுக் கலியாணத்தை நீ பார். மணவறையை நாங்கள் புதன் பின்னேரம் பந்தலுக்குள்ள பூட்டி நிப்பாட்டித் தந்திட்டுப் போறம். வாசல் முழுக்க உன்ர பொறுப்பு. வளைவு, குலைவாழை, தோரணம், எல்லாம். நானா உன்னோட நிப்பார். என்னைக் கேட்டுக் கேட்டு ஃபோன் அடிக்கக் கூடாது."

"ஓம் அக்கா."

"பயமோ?"

"இல்லை அக்கா."

பயம்தான். ஆனால் அன்று இரவு அப்பாவுக்கு அழைத்துச் சொன்னபோது என் குரலில் அது இருக்கவில்லை. அப்பா கொஞ்சம் யோசித்தார். "எனக்கு வியாழன் கமநலக் கந்தோரில வயல் அலுவல் ஒண்டு கிடக்கு. முதல் பஸ்ஸில வாறன். உன்ர வாசலையும் பாத்திட்டுப் போறன்" என்றார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "அப்பிடியே சூட்கேசையும் கொண்டு வாங்கோ."

வியாழக்கிழமை எல்லாம் முடிவாகும் என்று எனக்கு விளங்கியது.

புதன் பின்னேரம் அக்காவின் ஆட்கள் மணவறையைப் பொருத்தி நிறுத்திவிட்டு நிலாவெளிக்குப் போனார்கள். நானாவும் கதிரைகளை இறக்கிவிட்டு, பிள்ளைக்குச் சுகமில்லை என்று கிண்ணியாவுக்கு வெளிக்கிட்டார். "காலமை வெள்ளாப்போட வந்திருவன் தங்கச்சி. வாசலக் காலமை பாப்பம்."

"ஓம் நானா" என்றேன். ஆனால் மனம் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்கு வாழை கட்டுவது முதல் நாள் பின்னேரம். வாழை கட்டினால்தான் அது கலியாண வீடு. கட்டிய பிறகுதான் ஊர்ச்சனம் மரக்கறி வெட்ட வரும். காலையில் வாழை கட்டுகிற வீட்டை எங்கள் பக்கம் சோம்பேறி வீடு என்பார்கள். அதோடு அக்கா தன் கையால் எதையும் அவிழ்க்கமுடியாத முதல் சந்தர்ப்பம் இது. காலையில் அப்பா வரும்போது எல்லாம் முடிந்து நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆகவே பொழுது படுவதற்கு முன் தனியாகவே செய்து முடித்தேன். வாசலுக்கு வெளியே, ஒழுங்கையில், இரும்புக்குழாய் வளைவை நிறுத்தினேன். அடியிலிருந்து உச்சிவரை செவ்வந்திப் பூ. இடையிடையே வெள்ளை நெட் துணி. இரண்டு பக்கமும் குலைவாழை. மேலே குருத்தோலைத் தோரணம். வீட்டுக்காரர் எல்லோரும் உள்ளே கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரரை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தவர் ஒருவர்தான். பல வருடம் கழித்துக் கனடாவிலிருந்து வந்திருந்த, பொம்பிளையின் சித்தப்பா. வளைவுக்குக் கீழே நின்று தன்னைத்தானே பல படம் எடுத்தார்.

"பிள்ளை, உண்மையிலேயே நல்லாக் கிடக்கு. அங்கை இதுக்கு எவ்வளவு எடுப்பாங்கள் தெரியுமே?"

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த ஒழுங்கையில் அன்று அந்த நேரத்தில் நின்ற இரண்டு பேருமே ஊர் நடப்புத் தெரியாதவர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வியாழன் விடியப்புறம் வீட்டுக்கார அன்ரி குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியில் வளைவின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு படத்தை விரலால் பெரிதாக்கினார். சிரிப்புப் போனது.

"இது வாசலுக்கு உள்ளையோ, வெளியையோ?"

"வெளியில அன்ரி."

"ஆர் காவல்?"

"என்னத்துக்குக் காவல்?"

அன்ரி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "பிள்ளை, கடற்கரை ஒழுங்கையில வெளியில வாழை கட்டிப்போட்டு நீ இஞ்சை வந்து நித்திரை கொண்டனியே? மான் விடுமே?"

ஆட்டோ பிடித்துப் போனேன். ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதே தெரிந்தது.

குலைவாழை இரண்டும் நாரும் தண்டுமாகக் கிடந்தன. இலை ஒன்றுகூட இல்லை. குலை இருந்த இடத்தில் காம்பு மட்டும். நிலமெல்லாம் மான்களின் காலடி. வளைவிலிருந்த பூவை ஆற அமர இருந்து தின்றிருந்தன. ஆனால் முழுவதையும் அல்ல. மேலே, என் தலைக்குச் சற்று மேலே, செவ்வந்தி அப்படியே இருந்தது. தோரணத்தின் நுனிகள் போயிருந்தன, மேற்பாதி ஆடிக்கொண்டிருந்தது. தின்றதற்கும் தின்னாததற்கும் நடுவில் ஒரு நேர்கோடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். மாசியிலிருந்து ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். நகரசபை அல்ல.

ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்து வேம்பின் கீழ் ஒரு கலைமான் நின்றது. அதன் கொம்பில் என் வெள்ளை நெட் துணி சிக்கி, முதுகுவரை தொங்கியது. சாரத்தோடு நின்ற சித்தப்பா அதைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனதும் மான் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் துணியோடு நடந்து போனது. அவசரப்படவில்லை.

"மாப்பிள்ளை வெளிக்கிட்டார்" என்றார் சித்தப்பா. அந்தப் படம் அதே பெயரோடு மத்தியானத்துக்கு முன் ஊரெல்லாம் சுற்றி வந்தது. துணியை மான் பக்கத்து வளவு மதிலில் உரசிக் கழற்றி விட்டிருந்ததைப் பிறகு நானா எடுத்து வந்தார்.

பொம்பிளையின் அம்மா வெளியே வந்தார். தலையில் துவாய் கட்டியிருந்தார். வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முதல் பந்தி முடிஞ்சுதோ?"

நான் குனிந்து வாழைத் தண்டைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"நேற்றுப் பின்னேரம் நான் வெளியில வந்திருந்தா சொல்லியிருப்பன். ஆரோ காவலுக்கு நிக்கினம் எண்டெல்லோ நினைச்சன். எந்த ஊர் பிள்ளை நீ?"

"வெருகல் பக்கம்."

"அதுதான்." ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, அழாதை. சனம் காலமைச் சாப்பாட்டுக்கு வரத் தொடங்கும். மாப்பிள்ளை வீட்டார் வரக்கை வாசல் இப்பிடிக் கிடக்கக் கூடாது. உன்னால ஏலுமோ, ஏலாதோ? இப்பவே சொல்லு. ஏலாதெண்டா நான் தம்பியை விட்டு ஏதும் கட்டுவிக்கிறன்."

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் அழத்தான் இருந்தேன். "ஏலும்" என்று என் வாய் சொன்னது. சொன்ன பிறகு அதற்கு வழி தேடவேண்டியிருந்தது.

நானாவின் லொறி வந்து நின்றது. இறங்கிப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"தங்கச்சி, மான் வரும் எண்டு ஒனக்கு ஒருத்தரும் சொல்லல்லையா?"

"நீங்களும்தான் சொல்லேல்லை நானா!"

"இதச் சொல்லணுமா? கடல்ல உப்பு இரிக்கி எண்டு ஆராவது ஒனக்குச் சொன்னாங்களா?"

"காலமை பாப்பம் எண்டு சொன்னனீங்கள். ஏனெண்டு சொல்லேல்லை."

"அதுவும் சரிதான்" என்று ஒத்துக்கொண்டார். "இப்ப என்ன செய்யிற? அக்காவுக்கு அடிப்பமா?"

"வேண்டாம்" என்றேன். அன்ரிக்கு அழைத்தேன். அவருடைய தமக்கை பாலையூற்றில் இருந்தார். அந்த வளவில் வாழை குலைபோட்டு நிற்பதாக அன்ரி அடிக்கடி பெருமை பேசுவார். சுற்றிவர வலை அடித்த வளவு. அந்த வலை எதற்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது. அன்ரி தமக்கையோடு கதைத்துவிட்டு உடனே திரும்ப எடுத்தார். "ரெண்டு வெட்டலாமாம். ஆனா குலையைத் திருப்பிக் கொண்டுவந்து குடுக்கவேணுமாம்."

நானாவை அங்கே அனுப்பினேன். போகுமுன் லொறியிலிருந்த ஏணியை இறக்கி வைக்கச் சொன்னேன்.

"ஏணி என்னத்துக்கு?"

"பூவுக்கு."

பூக்கடையில் அந்த நேரத்துக்குச் செவ்வந்தி கிடைக்காது. எல்லாம் நிலாவெளிக்குப் போயிருந்தது. ஆனால் அந்த ஒழுங்கை முழுவதும், மதில்களின் மேலே, கடதாசிப்பூ பூத்துக் குலுங்கி நின்றது. மான்கள் எட்டாமல் எங்களுக்காக விட்டுவைத்த பூ. முதல் வீட்டு வாசலில் ஒரு வயதான ரீச்சர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"வெட்டு பிள்ளை, வெட்டு. கீழை ஒரு பூ எனக்கு மிஞ்சுறேல்லை. மேலை கிடக்கிறதை நானும் பிடுங்க ஏலாது. ஊதாவோ வேணும், வெள்ளையோ?"

"ரெண்டும் ரீச்சர்."

"ஆசைதான்" என்றார்.

மூன்று வீட்டு மதிலில் ஏணி சாத்தி வெட்டினேன். கையெல்லாம் முள். வெட்டிய கொடிகளை ஒழுங்கையில் குவித்துவிட்டு, வளைவை எப்படிக் கட்டுவது என்று நின்று பார்த்தேன். அடியிலிருந்து உச்சிவரை கட்டப் பூப் போதாது. நேரமும் போதாது. அப்போது அந்தக் கோடு திரும்பக் கண்ணில் பட்டது. இந்த ஊரில் எல்லாம் அந்த மட்டத்துக்கு மேலேதானே பூக்கிறது? அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கீழே இரும்புக்குழாயைச் சுற்றி வெள்ளைத் துணி மட்டும், ஒரு பூக்கூட இல்லாமல். கோட்டுக்கு மேலே பூவை அடர்த்தியாக, குடை போல, வாசலுக்கு மேலால் இரண்டு பக்கமும் வழியும்படி கட்டினேன். மிஞ்சிய செவ்வந்தியை ஊதாவுக்குள் அங்கங்கே மஞ்சளாக விட்டேன்.

பாதி கட்டியபோது கீழே இருந்து ஒரு குரல் கேட்டது.

"பஞ்சாங்கம், இறங்கு. நான் ஏறுறன்."

அப்பா. கையில் பை, கக்கத்தில் குடை. முதல் பஸ் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்திருந்தது.

"நீங்கள் ஏற வேண்டாம். ஏணியைப் பிடியுங்கோ."

பையை மதிலோரத்தில் வைத்துவிட்டு ஏணியைப் பிடித்தார்.

"மேல பாக்காதேங்கோ அப்பா, முள்ளு விழும்."

பார்க்காமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து நிலத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "மற்ற ஆக்கள் எங்கை?"

"நானா வாழை எடுக்கப் போயிட்டார். மற்றும்படி நான்தான்."

"நேற்றே முடிச்சிட்டன் எண்டெல்லோ மெசேஜ் போட்டனி?"

கம்பியை முறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நகரசபைக் கதையையும் சேர்த்து. ஏணி ஆடத் தொடங்கியது. குனிந்து பார்த்தால் அப்பாவின் தோள் குலுங்குகிறது.

"சிரிக்காதேங்கோ, விழப்போறன்."

"நாங்கள் ஆனைக்குக் காவல் இருக்கிறனாங்கள். மானுக்கும் இருக்கவேணும் எண்டு ஆர் கண்டது?" கண்ணைத் துடைத்தார். "பக்கத்து வீட்டானிட்டை வேற சொல்லிப்போட்டன், நகரசபை கயிறு பிடிச்சு மரம் வெட்டுது எண்டு."

நானா வாழையோடு வந்தார். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு நேரே வெளியே போகப் பார்த்தார். "வெளியில இல்லை, உள்ளுக்கு. கேற்றுக்கு ரெண்டு பக்கமும்" என்றேன். அப்பா உள்ளே கொண்டுபோய் நட்டார். நானா அவரை அண்ணன் முறை வைத்து, மெல்லிய குரலில், ஆனால் எனக்குக் கேட்கும்படி, "காக்கா, நீங்களும் இண்டைக்கு இவட ஆள்தான். சம்பளத்தக் கேட்டு வாங்கிருங்க" என்றார்.

முதல் விருந்தினர் ஒழுங்கைக்குள் திரும்பும்போது நான் கடைசிக் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தேன். ஏணியை லொறியில் ஏற்றிவிட்டுத் தூர நின்று பார்த்தேன். எனக்கே தெரிந்தது. முதல் நாள் கட்டியது எந்த ஊர் வாசலிலும் நிற்கக்கூடிய ஒரு வளைவு. இது அந்த ஒழுங்கையின் மதில்கள் எல்லாம் சேர்ந்து வாசலுக்கு வந்து நின்றதுபோல இருந்தது.

சித்தப்பா இப்போது வேட்டி சால்வையோடு வந்தார். மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, மேலுக்குக் கோட்டுப் போட்டுக் கீழுக்குச் சாரம் கட்டின மாதிரிக் கிடக்கு?"

"இதுதான் அங்கிள் திருகோணமலைப் பாணி" என்றேன்.

எனக்குப் பின்னால் பொம்பிளையின் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் சித்தப்பாவே அதைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள். "பாருங்கோ, இது எங்கட ஊர்ப் பாணி" என்று அவர்களையெல்லாம் வளைவுக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார். யாரும் மறுத்துக் கதைக்கவில்லை.

தாலி கட்டி முடிந்த பிறகு அக்கா நிலாவெளியிலிருந்து அழைத்தார். மானின் படம் அவருக்கும் போயிருந்தது. "அந்தத் துணி எங்கட துணியெல்லோ?" என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"இப்ப எப்பிடிக் கிடக்கு? படம் அனுப்பு."

அனுப்பினேன். உடனே திரும்ப எடுத்தார்.

"இது காலமை செய்ததோ?"

"ஓம் அக்கா."

"அந்த வலப்பக்கம் கொஞ்சம் கோணல்."

"ஓம் அக்கா."

"சரி, விடு. பூவுக்குள்ள தெரியாது. இருபத்தேழாந்தேதி பாலையூற்றில ஒரு சாமத்திய வீடு வந்திருக்கு. அதையும் நீயே பார்."

பந்தியில் அப்பாவைப் பொம்பிளையின் அம்மா வலுக்கட்டாயமாக இருத்தினார். அவர் கமநலக் கந்தோருக்குப் போகவேண்டும் என்றார். "கந்தோர் எங்கையும் ஓடாது. உங்கட மகள் தின்னக் குடுத்த மானுக்கே பந்தி கிடைச்சுது. உங்களுக்கு இல்லையோ?" என்றார் அவர். அப்பா சாப்பிட்டார். பக்கத்தில் இருந்தவர் யார் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். நான் பாயாசத்தோடு அந்தப் பக்கம் போனபோது அப்பா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "வாசல்ல நிக்கிற வளைவு என்ர மகளின்ர வேலை. ஏணி பிடிச்சது நான்." இரண்டாவதை முதலாவதைவிடப் பெருமையாகச் சொன்னார்.

பின்னேரம் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வழியில் என் அறை இருந்த அன்புவழிபுரப் பக்கம் திரும்பும் சந்தி வந்தது. நான் நின்றேன். அப்பாவும் நின்றார்.

"அப்ப பிழை விட்டது நீ" என்றார்.

"ஓம்."

"திருத்தினதும் நீ. வேற ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

"நானா வாழை கொண்டு வந்தவர். அன்ரி..."

"அதை விடு. நான் கேக்கிறது வேற."

"ஓம் அப்பா. நான்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டு, சந்தியில் திரும்பாமல், நேரே பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

இது நடந்து இரண்டு ஆவணி போய்விட்டது. அந்த வளைவுக்குக் கடையில் 'மான் வளைவு' என்று பெயர். கடற்கரைப் பக்கத்து வீடுகள் மட்டுமல்ல, மான் எட்டியும் பார்க்காத இடங்களிலிருந்தும் அதைக் கேட்டு வருகிறார்கள். அக்கா இப்போதும் என் பூவை அவிழ்த்துக் கட்டுகிறார். ஆனால் வாசலில் கை வைப்பதில்லை. புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் முதல் நாளே அவர்களைக் கோட்டைப் பக்கத் தெருவில் நடக்கவைத்து, அந்தக் கோட்டைக் காட்டுகிறேன். அது எனக்குப் பிடித்த வேலை.

அந்தக் கலியாண நாள் பொழுதுபட அம்மா தொலைபேசி எடுத்தார். கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரல்.

"கொப்பர் வெறுங்கையோட வந்து நிக்கிறார். சூட்கேஸ் எங்கை எண்டு கேட்டா, பஸ்ஸில வைக்க இடமில்லையாம். அவ்வளவு சனமாம். உண்மையே?"

பின்னேரம் வெருகல் பக்கம் போகிற அந்த பஸ்ஸில் நான் பலமுறை போயிருக்கிறேன். மூதூரில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். அதற்குப் பிறகு இருக்கைகள் வெறுமையாகக் கிடக்கும். சூட்கேஸ் என்ன, ஓர் அலுமாரியையே ஏற்றலாம். அன்று நானே அப்பாவை ஏற்றிவிட்டேன். பஸ் வெளிக்கிடும்போதே பின்பக்கம் முழுக்க இடம் இருந்தது.

அப்பாவின் கதைகளை நான் எப்போதும் திருத்துவேன் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டார்.

"ஓம் அம்மா," என்றேன், "நிக்கவே இடமில்லை."